அரைக்கண்ணு டிரைவரின் இடது இமை

அவருக்குப் பிறந்ததிலிருந்தே இடது இமை பாதிதான் திறக்கும். வலது கண் நன்றாக அகன்று, எதிரில் இருப்பவரை விழுங்குகிற மாதிரி இருக்கும். இடது கண் மட்டும் எந்நேரமும் பகல் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மாதிரி. பார்வையில் ஒரு குறையும் கிடையாது. திறந்திருக்கிற பாதி வழியாகவே மற்றவர்கள் பார்ப்பதையெல்லாம் பார்த்துவிடுவார். ஆனால் ஊர் பார்வையையா பார்க்கிறது, மூஞ்சியைத்தானே பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வாத்தியார் எறிகிற சாக்பீஸ் துண்டு, தூங்காத பிள்ளையின் நெற்றியில் வந்து தெறிக்கும். கல்யாணத்தன்று போட்டோக்காரர், "மாப்ள, கண்ணத் தொறங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "சரி, உங்க இஷ்டம்" என்று எடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற மணப்பெண் சிரித்த சிரிப்பு அந்தப் படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது.

டவுன் பஸ் டிரைவராகச் சேர்ந்த பிறகு டிப்போவில் அரைக்கண்ணு என்றார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டுவார், இவர் அடிவரி வரைக்கும் படிப்பார், டாக்டர் கையெழுத்துப் போடுவார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பெட்டி வந்த பிறகுதான் அந்த இமை அவர் தலைக்கு வினையானது.

சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. ஸ்டீயரிங்குக்கு நேராக, கண்ணாடிக்கு மேலே திருகி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கறுப்புக் கண், அதன் கீழே ஒரு சின்ன விளக்கு. டிரைவர் முழித்திருந்தால் பச்சை. இமை சரிந்தாலோ, கொட்டாவி விட்டாலோ, தலை தொங்கினாலோ விளக்கு சிவப்பாகும், சீட் அதிரும், "ஓட்டுநரே, விழிப்புடன் இருங்கள்" என்று ஒரு பெண்குரல் பஸ் முழுக்கக் கேட்கும். அதே நேரத்தில் ஆபீஸில் டிரைவர் பேருக்கு நேரே ஒரு குறி விழும். உள்ளே இருப்பது செயற்கை நுண்ணறிவு என்று மாட்ட வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள்.

"வீட்டு மாமியாராவது மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவா. இவ அசரவே மாட்டேங்குறாளேப்பா" என்றார் ஒரு கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். அரைக்கண்ணுவும் சேர்ந்துதான் சிரித்தார்.

முதல் நாள் டிப்போ வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே மாமியார் கத்த ஆரம்பித்துவிட்டாள். அடுத்த ஸ்டாப்பில் கத்தினாள். சிக்னலில் நின்றபோதும் கத்தினாள். முன்சீட்டில் குழந்தையோடு இருந்த பெண் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பெரியவர் இறங்கும்போது தோளைத் தட்டி, "தம்பி, ஒரு டீ குடிச்சிட்டு ஓட்டு. எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அரைக்கண்ணுவுக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷத்தில் பஸ்ஸுக்குள் யாரும் அவர் கண்ணைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவருடைய முதுகுதான் தெரியும்.

குறிமேல் குறி விழுந்தது. புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நெற்றி வலி மண்டையைப் பிளந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டார். முகம் மறைக்கப்படுகிறது என்று அதற்கு வேறொரு குறி விழுந்தது. கடைசியில் மேனேஜரிடம் போய் நின்றார்.

"உக்காருங்க" என்றார் மேனேஜர். வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை.

"சார், நான் தூங்கல. என் கண்ணே இப்படித்தான்."

"எனக்குத் தெரியாதா உங்கள?"

"அப்ப அத எழுதிக் குடுங்க."

"எங்க எழுதுறது?" மேனேஜர் கம்ப்யூட்டரை இவர் பக்கம் திருப்பினார். "பாருங்க, இதுல ரெண்டே பட்டன். டிரைவர் தூங்கினாரு, எச்சரிச்சேன். டிரைவர் தூங்கினாரு, நடவடிக்கை எடுத்தேன். மூணாவது பட்டனே கெடையாது. நான் என்ன பண்ண?"

"யாருகிட்டயாவது கேளுங்க சார்."

"கம்பெனிக்கு எழுதிட்டேன். அனுப்பின கையோட பதில் வந்துச்சு. உங்கள் ஓட்டுநருக்குப் போதிய ஓய்வு கொடுங்கள்னு. அங்கயும் பதில் போடுறது இன்னொரு மெஷினாம்." மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "லட்சக்கணக்கான மூஞ்சியக் காட்டிப் பழக்கியிருக்காங்களாம். மனுஷனவிடத் துல்லியமாப் பாக்குமாம்."

"அந்த லட்சத்துல என்ன மாதிரி ஒருத்தன் இருந்தானா சார்?"

மேனேஜர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒரு குறி விழுந்தா சீட்டுலருந்து எறக்கணும்னு மேலருந்து சொல்லிட்டாங்க. லைசென்ஸும் கைவிட்டுப் போயிரும். எதையாவது பண்ணுங்க. என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

அந்த சீட்டை நம்பித்தான் ஒரு வீடே இருக்கிறது. அவர், மனைவி, மனைவியின் தங்கை, அவளுடைய இரண்டு பிள்ளைகள். கொழுந்தியாள் தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பது பிள்ளைகளின் பென்சில் பேனாவுக்குச் சரியாகப் போகும். ஸ்டீயரிங் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஐம்பதைத் தொடுகிற வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

சம்பளமில்லா லீவு போட்டு அவர் வண்டியைத் தொடாமல் இருந்த அந்த வாரமே டிரைவர்கள் ஓய்வறையில் சங்கக் கூட்டம் நடந்தது. ஜன்னல் கம்பியில் ஈரச் சட்டைகள் தொங்கின. பெஞ்சில் இடம் பிடிக்காதவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். செயலாளர் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினார்.

"இன்னைக்குக் கண்ணப் பாக்குது. நாளைக்கு மனசப் பாக்கும். நாளன்னைக்கு நீ எதுக்குன்னு கேட்டு அதுவே வண்டிய ஓட்டும். இப்பவே கழட்டி எறியணுமா வேண்டாமா?"

"எறியணும்!" என்று பாதிப்பேர் கத்தினார்கள்.

மூலையிலிருந்து ஒல்லி எழுந்தார். டிப்போவிலேயே சதைப்பற்று இல்லாத டிரைவர், அதனால் அந்தப் பேர். அதிகம் பேச மாட்டார்.

"எறிய வேண்டாம்" என்றார்.

"வந்துட்டாருய்யா மாமியாருக்கு மருமகன்!" என்று யாரோ குரல் கொடுக்க, சிரிப்பு.

"சிரிங்க. போன மாசம் மேம்பாலத்துல எனக்குக் கண்ணு சொருகிருச்சு. வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா முழிப்பு. வண்டி பக்கச் சுவரப் பாத்துப் போகுது, எனக்குத் தெரியல. மாமியார் கத்துனா. சீட் உதறுச்சு. முழிச்சேன். வண்டி நெறைய ஜனம். இன்னைக்கு உங்க முன்னாடி நின்னு திட்டு வாங்குறேன்னா அவதான் காரணம்."

சிரிப்பு நின்றுபோனது. செயலாளர் விடவில்லை.

"புள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு குடுக்கணும். லீவுக்குப் பதிலா பெட்டி வாங்கி வச்சிருக்கான். அத நீ கேக்க மாட்ட?"

"லீவும் கேக்குறேன். பெட்டியும் இருக்கட்டுங்கிறேன்."

"அப்ப அரைக்கண்ணுக்கு என்ன பதில் சொல்ற?"

ஒல்லி இவரைப் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள். செயலாளர், "எந்திரிச்சுச் சொல்லுண்ணே. உன் பொழப்புல மண்ணப் போடுற பெட்டி வேணுமா, வேண்டாமா?" என்றார்.

அரைக்கண்ணு எழுந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கொழுந்தியாள் முகம் நினைவுக்கு வந்தது.

கொழுந்தியாளின் புருஷன் லாரி ஓட்டியவன். விடியற்காலையில் கண்ணயர்ந்து, ரோட்டோரம் நின்ற வண்டியில் போய் மோதினான். போய் உடலை அடையாளம் காட்டியவர் இவர்தான். பெட்டியைப் பற்றி முதன்முதலில் வீட்டில் சொன்ன அன்று கொழுந்தியாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "இது அப்பவே இருந்திருக்கக் கூடாதா அத்தான்?" என்று கேட்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அடப் போண்ணே" என்றார் செயலாளர்.

வீட்டிலும் அதே வழக்குதான். சாப்பிடும்போது மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, பெட்டி மேல என்ன தப்பு? தூங்குறவன எழுப்புது. நல்லதுதான?"

"தூங்காதவனயும் எழுப்புதே."

"நாலு பேருகிட்ட எடுத்துச் சொன்னா புரியாதா?"

"புரியுதுடி. எல்லாருக்கும் புரியுது. மேனேஜருக்குப் புரியுது, கண்டக்டருக்குப் புரியுது, டீக்கடைக்காரனுக்குக்கூடப் புரியுது. புரிஞ்சவன் எவன் கையிலயும் ஒண்ணும் இல்ல. கையில வச்சிருக்கிறதுக்குப் புரியல." தட்டைத் தள்ளி வைத்தார். "வையணும்னா ஒரு மனுஷன வையலாம். கால்ல விழணும்னாக்கூட ஒரு கால் வேணுமே. அதுக்குக் காலே இல்ல."

கொழுந்தியாள் எழுந்து போனாள். காயத்துக்குக் கட்டுப்போட வைத்திருந்த பிளாஸ்திரிச் சுருளை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லியது, தோலில் ஒட்டினால் தெரியாது. துணி வெட்டுகிற கத்தரியால் பிறை வடிவில் ஒரு துண்டு நறுக்கினாள்.

"இப்படித் திரும்புங்க அத்தான்."

இமையைச் சுண்டுவிரலால் மேலே தூக்கி, மடிப்பு விழுகிற இடத்தில் பிளாஸ்திரியை வைத்து அழுத்தினாள். தளர்ந்த துணியில் பிடிப்புக் கொடுக்கிற மாதிரி. இரண்டு கண்ணும் ஒரே அளவாகத் திறந்து நின்றன. மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, யாரோ மாதிரி இருக்கீங்க."

"எனக்கு அந்தப் பெட்டி வேணும் அத்தான்" என்றாள் கொழுந்தியாள், கண்ணாடியை அவர் கையில் கொடுத்தபடி. "எல்லா வண்டியிலயும் வேணும். ஆனா புள்ளைங்க சாப்புடணுமே."

மறுநாள் மாமியார் வாயே திறக்கவில்லை. பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. மேனேஜர் எதிரே வந்தபோது, இவர் கண்ணைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "கொஞ்ச நாள்ல மெஷினே உங்களப் புரிஞ்சுக்கும்னு நான் சொல்லல?" என்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆனால் ஒட்டி வைத்த இமை சிமிட்டாது. மத்தியானமானால் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி இருக்கும். சாயங்காலம் ரத்தமாகச் சிவந்துவிடும். இரவு பிளாஸ்திரியை உரிக்கும்போது இமைத்தோல் கூடவே வந்தது. கொழுந்தியாள் ஈரத்துணியை மடித்து வைப்பாள். காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஒட்டுவாள். "கொஞ்சம் லூசா ஒட்டட்டுமா அத்தான்?" என்று கேட்பாள். "லூசா ஒட்டினா கீழ எறங்கிரும். இறுக்கியே ஒட்டும்மா" என்பார்.

அன்றைக்கு வெயில் எதிரே அடித்தது. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், புழுதி ஜன்னல் வழியாக உள்ளே வாரியது. ஒட்டிய கண் முதலில் எரிந்தது, பிறகு தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. ஒரு கண்ணில் தண்ணீர் வந்தால் இன்னொன்று சும்மா இருக்குமா? வலது கண்ணும் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டி இரண்டு கண்ணையும் மூடித் துடைத்திருந்தால் போதும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் மூடினால் மாமியார் கத்துவாள். கத்தினால் அதுதான் கடைசிக் குறி. அந்தப் பயத்தில் வலது கண்ணையும் விடாப்பிடியாக அகலத் திறந்து வைத்துக்கொண்டார். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. எதிரே ரோடு இல்லை. வெறும் தண்ணீர், தண்ணீருக்குள் வெளிச்சம்.

"அண்ணே! அண்ணே!" என்று கண்டக்டர் அலறினார். அரைக்கண்ணு பிரேக்கில் ஏறி நின்றார். உள்ளே ஜனம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தது. முன்னால் ஏதோ இடித்த சத்தம்.

இறங்கி ஓடினார். நடைபாதை ஓரம், ரோட்டைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் கிடந்தாள். ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்குகிறவள், துடைப்பமும் வாளியும் சிதறிக் கிடந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை மட்டும் மணிக்கட்டுக்கு மேலே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் வலியைச் சொல்லவில்லை. "நான் கோட்டுலதான்யா நடந்தேன், கோட்டுலதான் நடந்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்குள் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். முகத்தில் பெரிய நிம்மதி.

"தப்பிச்சீங்க. ரிப்போர்ட் வந்துருச்சு. ஓட்டுநர் முழு விழிப்பில் இருந்தார், ஆகவே பாதசாரிதான் கவனமில்லாமல் குறுக்கே வந்திருக்கிறார். நீங்களே பாருங்க."

திரையில் அரைக்கண்ணு தன் முகத்தைப் பார்த்தார். பேயைக் கண்டவன் மாதிரி விரிந்த இரண்டு கண்கள். கன்னத்தில் தண்ணீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்திருந்தது.

"சார், நான் அழுதுட்டிருக்கேனே, அது தெரியலையா அதுக்கு?"

"அதுக்குத் தொறந்திருக்கா, மூடியிருக்கா, அவ்வளவுதான். விடுங்க. வண்டிய எடுங்க."

டிப்போ வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். சிமெண்டு ஒட்டிய கைகள், வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறான். இவரை யாரென்று தெரியாமலே கேட்டான்.

"அண்ணே, ஆபீஸ்ல யாரப் பாக்கணும்? எங்கம்மாவ உங்க பஸ் இடிச்சிருச்சு. ஆபரேஷன் பண்ணாத்தான் கை நிக்குமாம். இங்க கேட்டா எங்கம்மா மேலதான் தப்பாம். டிரைவர் முழிச்சிருந்தார்னு மெஷினே சொல்லிருச்சாம்." அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவர் தாங்கியிருப்பார். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்கண்ணே. கோட்டுலதான் நடந்தேங்கிறாங்க. மெஷின் சொன்னதுக்கு மேல நான் போயி யாருகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

நான் தூங்கலை சார் என்று இதே வாசலுக்குள் நாயாகப் பேயாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர்தானே. அரைக்கண்ணு அங்கேயே நின்றார். கண்டக்டர் வண்டிக்குள்ளிருந்து, "நேரமாச்சுண்ணே, ஏறுங்க" என்றார். ஏறவில்லை. திரும்பி மேனேஜர் அறைக்கே போனார். நின்றபடியே இமையிலிருந்து பிளாஸ்திரியை உரித்து மேஜை மேல் வைத்தார். இமை கீழே சரிந்தது.

"சார், எனக்குக் கண்ணு தெரியல. அன்னைக்கு ரோடே தெரியல."

மேனேஜர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "நான் எதையும் கேக்கல. அத எடுத்துப் பையில போடுங்க."

"அந்தம்மா கோட்டுலதான் நடந்திருக்கு."

"உங்களுக்குப் பைத்தியமா? கேஸ் போடுவாங்க. மெஷின ஏமாத்துனதுக்குத் தனியா, கைய ஒடச்சதுக்குத் தனியா. வேலை போயிரும், லைசென்ஸ் போயிரும். பெட்டி உங்களக் காப்பாத்தியிருக்கு. பேசாம இருங்களேன்!"

"எத்தன நாளா அது என்ன தூங்குறேன்னு சொல்லுச்சு. பொய். இப்ப முழிச்சிருந்தேங்குது. அதுவும் பொய். எழுதுங்க சார்."

"எங்க எழுதுறது?" என்று மேனேஜர் கத்தியேவிட்டார்.

"பேப்பர்ல எழுதுங்க."

எழுதினார்கள். அன்றைக்கே சீட்டிலிருந்து இறக்கினார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

ஓய்வறையில் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெடுத்தியேண்ணே. பெட்டி தப்பா சொல்லுதுன்னு உன்னக் காட்டித்தான் கேக்க இருந்தோம். இனி டிரைவருங்களே திருடனுங்கன்னு சொல்லி ஒண்ணுக்கு ரெண்டு பெட்டி மாட்டுவான்." மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒல்லி மட்டும் வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"அது என்ன எழுப்பினது நெசம்ணே. உன்னக் கவுத்ததும் நெசம். நான் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தெரியலண்ணே."

"நில்லு. எங்கயாவது நில்லு. உனக்கு நிக்க எடமாவது இருக்கு" என்றார் அரைக்கண்ணு. சொன்ன பிறகு, அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். தையல் மிஷின் நின்றது.

"அந்தம்மாவுக்குக் கை கூடிருமா அத்தான்?" என்று கேட்டாள் கொழுந்தியாள்.

"தெரியல. இனி செலவ டிப்போதான் பாக்கணும்னு மேனேஜர் சொன்னாரு. பாத்தா சரி."

"நான்தான ஒட்டினேன்." அவள் தன் விரல்களையே பார்த்தாள். "லூசா ஒட்டியிருக்கணும். அன்னைக்குக் காத்தால நீங்க சொன்னப்பக்கூட..."

"இறுக்கச் சொன்னது நான். நீ பேசாம இரு."

அவள் கேட்கவில்லை. துணிமேல் குனிந்து, சத்தம் வெளியே வராமல் குலுங்கினாள். பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

"இப்ப என்னங்க பண்றது?"

பிள்ளைகள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்களை மூடிக்கொண்டார். வலது கண் மூடியது. இடது கண்ணின் இமை புண்ணாகி விறைத்துப் போயிருந்தது, முழுசாக மூட வரவில்லை. அந்தச் சின்ன இடைவெளி வழியாக, பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவியின் கைகள் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தன.